மார்ட்டின் லூதர் கிங்கின் 'ஏழை மக்கள் இயக்கம்' என்றால் என்ன?

அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் கிங் என்றதும் 1963 வாஷிங்டன் பேரணியும் அங்கே அவர் பேசிய 'எனக்கொரு கனவு இருக்கிறது' என்ற பேச்சும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பேரணியின் முழுப்பெயரிலேயே 'வேலைக்கும் விடுதலைக்கும்' என்று இருந்ததை நாம் மறந்துவிடுகிறோம். வேலை முதலில், கவனியுங்கள்.

ஏழை மக்கள் இயக்கம் அவர் 1967-ன் இறுதியில் அறிவித்தது. நாடெங்கும் உள்ள ஏழைகளைத் தலைநகரில் திரட்டி, வேலை, வருமானம், வீடு கேட்டு அரசை நெருக்குவது திட்டம்.

ஏன் இது தேவைப்பட்டது? 1964, 1965 சட்டங்கள் பாகுபாட்டைத் தடை செய்தன, வாக்குரிமையைக் காத்தன. சரி, ஆனால் வறுமை தீரவில்லை. ஊர்க் கிணறு எல்லோருக்கும் பொது என்று அறிவித்துவிட்டார்கள். வாளியும் கயிறும் வாங்கக் காசில்லாதவன் அதன் பக்கத்திலேயே தாகத்தோடு நிற்கிறான். அதுபோலத்தான்.

இந்த இயக்க வேலைகளுக்கு நடுவில்தான் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகருக்குப் போனார். அங்கே குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்; அவர்களுக்கு ஆதரவாகத்தான் போனார். அந்த ஊரிலேயே 1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்புறம் அவருடைய தோழர்கள் வாஷிங்டனில் கூடாரக் குடியிருப்பு அமைத்து, ஆறு வாரம்போல, மழையிலும் சேற்றிலும் தாக்குப்பிடித்தார்கள்.

இதைக் கறுப்பின மக்களுக்கு மட்டுமான போராட்டம் என்று பலர் நினைப்பது தவறு: ஏழை வெள்ளையர்கள், பூர்வகுடிகள், மெக்சிகோ வம்சாவளியினர் எல்லோரும் அதில் இருந்தார்கள்.