0.12 என்றால், 0.12 என்ன? – கதிர்வீச்சு கேள்வி பதில்

மூடிய அணுமின் நிலைய இடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட எவ்வளவு டோஸ் வரை அனுமதி? – தண்டையார்பேட்டை வாசகர்

நாட்டுக்கு நாடு மாறும். பொதுமக்களுக்கான மொத்த வரம்பு வருடத்துக்கு 1 மில்லி சீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சு அளவான டோஸின் அலகுதான் சீவர்ட்). அதை ஒரே இடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். சர்வதேச அணுசக்தி முகமை 0.3-க்குள் என்கிறது. அமெரிக்காவின் 1997 விதி 0.25. அங்கேயே மெய்ன் மாநிலம், தன் மெய்ன் யாங்கி நிலையத்துக்கு 0.1 என்று இறுக்கிச் சட்டம் போட்டது. அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் போதும் என்று நிறுத்தவும் முடியாது. முடிந்தவரை இன்னும் குறைக்க வேண்டும்.

எண்ணூரில் மூடிய பழைய மின் நிலைய இடத்துக்கும் இது பொருந்துமா? – எர்ணாவூர் வாசகர்

பொருந்தாது. 2017-ல் மூடிய அது நிலக்கரி நிலையம். சாம்பலில் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் சாம்பல் விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது தூசியையும் கன உலோகங்களையும் பற்றி.

ஆன்லைனில் கதிர்வீச்சு மீட்டர் வாங்கினேன். சமையலறையில் 0.12 காட்டுகிறது. வருடக் கணக்கில் 1-ஐத் தாண்டுகிறது. வரம்பு மீறல்தானே? – திருவொற்றியூர் வாசகர்

0.12 என்ன? மில்லியா, மைக்ரோவா? மணிக்கா, வருடத்துக்கா? எத்தனை முறை சொல்வது, அலகு இல்லாமல் எண்ணை எழுதாதீர்கள்! நல்லவேளை, படம் அனுப்பியிருக்கிறீர்கள். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், கிரானைட் மேடை மேல் மீட்டர். திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'மைக்ரோ சீவர்ட், மணிக்கு'.

பெருக்கல் சரி, ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி என்ற கணக்கில் வருடத்துக்கு 1 மில்லி சீவர்ட் சொச்சம் வரும். ஆனால் அது மண்ணும் கல்லும் வானமும் தருவது. அதில் வரம்பு மீறல் எதுவும் இல்லை. 1 என்ற வரம்பு இயற்கைக்கு மேல் மனிதர்கள் கூட்டும் டோஸுக்கு மட்டும். ஸ்கேன், எக்ஸ்ரே அதில் சேராது. உலக மக்களுக்கு இயற்கையிலிருந்தே சராசரியாக 2.4 வருகிறது. கேரளத்தின் சவறா கடற்கரை மணலில் அதைவிடப் பல மடங்கு.

இன்னொன்று: வருடத்துக்கு 0.25 மில்லி சீவர்ட் என்பது மணிக்கு வெறும் 0.03 மைக்ரோ. உங்கள் மீட்டரை ஹாலுக்கு எடுத்துப் போனாலே அவ்வளவு ஏறி இறங்கும். அதனால்தான் மூடிய வளாகங்களில் மண்ணை அள்ளி, ஆய்வகத்தில் சீசியம்-137, கோபால்ட்-60 என்று உலை விட்டுச்சென்ற கதிரியக்கப் பொருட்களைத் தனித்தனியாக எண்ணுகிறார்கள். அங்கேயே வீடு கட்டி, கிணற்று நீர் குடித்து, அந்த மண்ணில் விளைந்ததைச் சாப்பிடுபவருக்கு எவ்வளவு சேரும் என்று கணக்கிட்டுத்தான் இடத்தை விடுவிப்பார்கள். மீட்டரைப் பையில் போட்டு வையுங்கள்.

என் தம்பி அணு நிலைய ஒப்பந்தத் தொழிலாளி. அவனுக்கு மட்டும் 20 வரை பரவாயில்லையா? – ராயபுரம் வாசகர்

வருடத்துக்கு 20 மில்லி சீவர்ட் என்பது தொழிலாளர் வரம்பு, ஐந்து வருடச் சராசரி. இந்தியாவில் எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. டோஸை அளக்கும் பேட்ஜைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகாமல் இருக்கச் சொல்லுங்கள். அவர் டோஸ் கணக்கைக் கேட்டு வாங்கட்டும். அலகோடு.

காயலாங்கடைக்கு வந்த இரும்பில் மூன்று இதழ்க் கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னம் இருக்கிறது. – மூலக்கடை வாசகர்

உடைக்காதீர்கள், வெட்டாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். 2010-ல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு வந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் கொண்டுபோனது. எனக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் விஷயமல்ல இது. இன்றே போன் செய்யுங்கள்.