பி.ஃபார்ம் படிக்கும் மகளும் மூச்சுவழி மருந்துத் துறையும்

மருந்தை, மூச்சோடு உள்ளே இழுக்கக்கூடிய பனியாக மாற்றும் துறையில் மேற்படிப்புக்குப் போக மகள் ஆசைப்படுகிறாள், நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள் அம்மா. தாராளமாக அனுப்புங்கள். எங்கே கஷ்டம் இருக்கிறது என்று மட்டும் அவள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

நுரையீரலின் ஆழத்துக்கு மருந்து போக 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளிகள் வேண்டும். அவ்வளவு சிறிதாக்க நெபுலைசர் என்ற கருவிகள் உண்டு. மருந்து கெடாமல் சிறிதாக்குவதுதான் வித்தை. நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கான டோர்னேஸ் ஆல்ஃபாவையே பாருங்கள். 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற என்சைம் இது, அதாவது ஒரு வகைப் புரதம். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். அல்ட்ராசோனிக் நெபுலைசரில் படிகம் அதிர அதிரக் கரைசல் சூடேறி, புரதத்தின் மடிப்பு குலையும். அழுத்தக் காற்றால் பனியாக்கும் ஜெட் நெபுலைசரில் அந்தச் சூடு இல்லை; நீர் ஆவியாவதால் கரைசல் குளிரவே செய்யும். ஆனால் துளிகள் கோப்பைக்குள் திரும்பத் திரும்பச் சுழல்வதால், காற்றும் நீரும் தொடும் பரப்பில் சில புரதங்கள் திரண்டுவிடும். ஏறக்குறைய 1 மி.லி. மருந்து அடியிலேயே தங்கும். நுண்துளைத் தகட்டின் வழியே பனியாக்கும் மெஷ் நெபுலைசரில் மிச்சம் குறைவு. ஆனால் கெட்டியான கரைசல் அதன் துளைகளை அடைக்கும். சூடு படாவிட்டால் மருந்து கெடாது என்று நினைப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

ஆகவே வெளிவந்த பனியைப் பிடித்துச் சோதிக்கத் தெரிந்தவர்தான் இங்கே மதிப்புள்ளவர். துளியளவுக்குக் கேஸ்கேட் இம்பாக்டர், அதாவது துளிகளை அளவுவாரியாகப் பிரித்துப் பிடிக்கும் கருவி: நெபுலைசருக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்று, கருவியை 5 டிகிரிக்குக் குளிர்வித்து. குளிர்விக்காவிட்டால் துளி வழியிலேயே வற்றி, அளவு சிறிதாகத் தெரியும். மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்க எச்.பி.எல்.சி. என்ற, கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்தளக்கும் முறை போதும், என்சைம் இன்னும் வேலை செய்கிறதா என்பதற்குச் செயல்திறன் சோதனை தனியாக வேண்டும்.

எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டை இதில் எடுக்கச் சொல்லுங்கள். ஜிபேட் என்ற தேசிய நுழைவுத்தேர்வை எழுதி எம்.ஃபார்மில் ஃபார்மசூட்டிக்ஸ் அல்லது அனாலிசிஸ் சேரலாம். மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனமான நைப்பருக்குத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. சிப்லா, லூபின் போன்ற நிறுவனங்கள் இன்ஹேலர் தயாரிக்கின்றன. ஆன்லைன் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இது கைப்பழக்கத்தில் வருகிற வேலை. கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காமல், இம்பாக்டர் இருக்கிறதா, அதை மாணவர்களே இயக்குகிறார்களா, இல்லை மாதிரியை வெளியே அனுப்பி ரிப்போர்ட் வாங்குகிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.