நிப் பேனாவும் ஒரு கத்தரிக்காயும்

கேள்வி: படம் வரையப் பழகலாமென்று, மையில் முக்கி வரையும் நிப் பேனாவும் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையும் வாங்கினேன். ஒரு இடத்தில் மை சொட்டாக விழுகிறது, இன்னொரு இடத்தில் வரவே மாட்டேன் என்கிறது. நிழல் போட்டால் தாள் பிய்ந்து ஒரே கறுப்பு. எனக்குக் கை சரியில்லையா? பென்சிலோடு நின்றுவிடவா?

பதில்: கையைத் திட்டுமுன் நிப்பைப் பாருங்கள். துருப்பிடிக்காமலிருக்கப் புது நிப்பில் எண்ணெய் தடவியிருப்பார்கள். அதன்மேல் மை படியாமல் முத்தாகத் திரண்டு, சட்டென்று இறங்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, அலசி, ஈரத்தை ஒற்றியெடுங்கள். நிப்பின் நடுவிலுள்ள துளைவரை முக்கினால் போதும். மிச்சத்தைப் பாட்டில் விளிம்பில் வழித்துவிடுங்கள். இந்த மையில் பெரும்பாலும் அரக்கு இருக்கும். ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் நிப்பின் பிளவு அடைத்துக்கொள்ளும். (ஊற்றுப் பேனாவில் இதை மறந்தும் ஊற்றாதீர்கள்.)

தாள் பிய்வதற்குக் காரணம் இரண்டு. ஜெராக்ஸ் தாள் 75 ஜி.எஸ்.எம்.தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), மையை உறிஞ்சி ஊறிப்போகும், 200 ஜி.எஸ்.எம். வழவழப்பான கார்ட்ரிட்ஜ் தாள் (கெட்டியான ஓவியத் தாள்) வாங்குங்கள். அடுத்தது, நிப்பை முன்னோக்கித் தள்ளுகிறீர்கள். முனை தாளின் நாரைக் கிளப்பி மையைத் தெறிக்கவிடும். எப்போதும் உங்களை நோக்கியே இழுங்கள். கோட்டின் திசை ஒத்துவரவில்லையா, தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நிழல் விஷயத்தில்தான் பென்சில் பழக்கம் காலை வாரும். பென்சிலை அழுத்தினால் சாம்பல் கறுப்பாகும். பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், அவ்வளவுதான். பேனாவில் சாம்பல் நிறமே கிடையாது. கோடுகளுக்கு நடுவே விட்ட வெள்ளைதான் சாம்பலாகத் தெரிகிறது. ஐந்து கட்டம் போடுங்கள். முதலாவதைக் காலியாக விடுங்கள். இரண்டாவதில் 2 மி.மீ. இடைவெளியில் கோடுகள், மூன்றாவதில் 1 மி.மீ. நான்காவதில் அதே 1 மி.மீ. கோடுகளைப் போட்டு, அவற்றின்மேல் இன்னொரு வரிசையைச் சாய்த்துப் போடுங்கள். முதல் வரிசை காய்ந்த பிறகு, சுமார் 30 டிகிரியில். நேர் குறுக்காகப் போட்டால் கொசுவலை மாதிரி இருக்கும். ஐந்தாவதில் இந்த இரண்டின்மேல் மூன்றாம் வரிசை.

இது கைக்கு வந்ததும் ஒரு கத்தரிக்காயை ஜன்னலோரம் வையுங்கள். கோடுகள் காயின் வளைவோடு சுற்றி வரட்டும். நேர்க்கோடு போட்டால் காய் தட்டையாகிவிடும். பளபளக்கும் இடத்தைப் பென்சிலால் முன்கூட்டியே குறித்து, அதைத் தொடாமல் விடுங்கள். பென்சிலின் வேலை அதுவும் புறக்கோடும் மட்டுமே. ரப்பரை அரை மணி நேரம் கழித்து எடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் இழுவிக்கொள்ளும், காய்ந்தபின்னும் அழுத்தித் தேய்த்தால் கறுப்பு வெளிறும்.

நிப்போடு மல்லுக்கட்டுவதிலேயே பொழுது போகிறதென்றால், ஒரு மாதம் 0.3 ஃபைன்லைனரில் (மை நிரப்பியே வரும் மெல்லிய முனைப் பேனா) இதே பயிற்சியைச் செய்யுங்கள். அதில் கோடு தடித்து மெலியாது, ஆனால் சொட்டும் சொட்டாது.