கருவாடு போகலாம், கோழி றோல்ஸ் போகக் கூடாது

கேள்வி: என் கணவர் வேலைப் பயிற்சிக்காக மூன்று மாதம் ஜப்பானின் நகோயாவில் இருக்கிறார். அங்குள்ள சாப்பாடு அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. மீசோ (புளிக்கவைத்த சோயாக் களி) சூப்பில் நம் மாசிக் கருவாட்டு வாசம் வருகிறது என்று தினமும் சொல்கிறார். தன்னைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு நம் ஊர்ச் சாப்பாட்டைக் கொடுக்க ஆசைப்படுகிறார். அடுத்த மாதம் அங்கே போகும் அவருடைய நண்பரிடம் மாசி, கருவாடு, கோழி றோல்ஸ், மாம்பழம் கொடுத்துவிடலாமா? பொதி அனுப்பும் ஒருவர், "கிலோவுக்கு இவ்வளவு தாருங்கள், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் நாக்கு பொய் சொல்லவில்லை. மீசோ சூப்புக்கு அடியில் இருப்பது தாஷி என்ற சாறு. அதைப் பெரும்பாலும் கச்சுவோபுஷி என்ற மீன் சீவலில் எடுக்கிறார்கள். நம் மாசிக்கும் அதற்கும் மீன் ஒன்றுதான், சூரை. இரண்டையும் அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்துகிறார்கள். ஆகவே மாசியைத் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது.

கோழி றோல்ஸைக் கட்டாயம் தவிருங்கள். ஏற்றுமதி நாட்டு அரசின் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத இறைச்சி எதுவும் ஜப்பானுக்குள் போகக் கூடாது. பொரித்தது, அவித்தது, வற்றல் போட்டது, விமான நிலையக் கடையில் வாங்கியது என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 இலட்சம் யென் வரை அபராதம். 2010இல் மியாசாக்கி மாகாணத்தில் கோமாரி நோய் பரவியபோது 2 இலட்சத்து 90 ஆயிரம் அளவிலான மாடுகளையும் பன்றிகளையும் அழித்தவர்கள் அவர்கள். நம் நாட்டில் கோமாரி இன்னும் இருக்கிறது. மோப்ப நாயை விமான நிலையத்தில் நிறுத்தியிருப்பது இப்படியான விலங்கு நோய்களுக்குப் பயந்துதான்.

மாம்பழமும் வேண்டாம், பழ ஈ காரணமாகத் தடை இருக்கிறது. கறித்தூள், மிளகாய்த்தூள் அனுப்புவதானால் கடையில் வாங்கிய, உடைக்காத பொதியாக இருக்கட்டும்.

மீன் அந்த இறைச்சித் தடைக்குள் வராது. நெத்தலி, சூரை, கட்டா எந்தக் கருவாடும் போகலாம். ஆனால் திருகோணமலையில் கருவாடு என்றதும் பலருடைய கை சுறாவுக்குத்தான் போகும். அதை மட்டும் விட்டுவிடுங்கள். அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் பல சுறா இனங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2023 நவம்பரிலிருந்து அந்தப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கிறது. தோலுரித்து, துண்டு போட்டு, உப்பிட்டுக் காயவைத்த சுறாவைப் பார்த்து எந்த இனம் என்று நீங்களும் சொல்ல முடியாது, அந்த அதிகாரியும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு கணவரின் நண்பர் ஏன் நிற்க வேண்டும்? முழு மீனாகத் தெரியும் கருவாட்டை வாங்கி, காற்றில்லாமல் அடைத்து, மேலே மீனின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இனி அந்தப் பொதிக்காரர். இவரைப் போன்றவர்களை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கோழி றோல்ஸை "மீன் றோல்ஸ்" என்று எழுதச் சொல்வார்கள். பிடிபட்டால் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான் என்பார்கள். பிடிபடும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். பை யாருடைய பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள். கிலோவுக்குக் காசு வாங்கியவரின் பெயர் எந்தக் கடதாசியிலும் இருக்காது. கணவரின் நண்பருக்கு நீங்களே, அவர் கண் முன்னால், ஒவ்வொரு பொருளையும் காட்டிப் பொதி செய்து, பட்டியலையும் கையில் கொடுங்கள். சந்தேகமான பொருள் இருந்தால் அங்கு இறங்கியதும் அவராகவே அதிகாரியிடம் காட்டட்டும்.

இவ்வளவையும் ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு மாவட்டச் செயலகத்தில் ஒட்டினால் என்ன? எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. ஒரு சின்னச் சந்தேகத்துக்கும் "கொழும்புக்குப் போய்க் கேளுங்கள்" என்கிறார்கள். இரவு பஸ் ஏறிப் போய்க் கேட்க எத்தனை பேரால் முடியும்? அந்த இடைவெளியில்தான் பொதிக்காரர் பிழைக்கிறார்.

கணவர் திரும்பும்போது மீசோ கொண்டுவருவார் என்று நினைக்கிறேன். அது களி போன்றது. விமானப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகத்தான் கணக்கிடுவார்கள். கைப்பையில் 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட டப்பா போகாது, பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். இறைச்சி கலந்த கறிப் பொதிகளை வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இங்கே கொண்டுவர முன் அனுமதி வேண்டும். பழ விதைகளும் அப்படித்தான், வளவில் நட ஆசையாக இருந்தாலும்.