தாத்தாவின் டீக்கடையை 12 அடி அறைக்குள் கொண்டுவர முடியுமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில், வீட்டு மாடியிலேயே குழந்தைகளுக்கான போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். அறை 12 அடிக்கு 18 அடி. க்ராப் சென்சார் (சிறிய சென்சார் உள்ள) கேமராவும் 50 எம்.எம். லென்ஸும் வைத்திருக்கிறேன். இதுவரை ஆன்லைனில் வாங்கிய செட்டுகளை வைத்தே ஓட்டினேன். நிலா, மேகம், டெடி பொம்மை. அதே நிலா இப்போது எங்கள் ஊரில் எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கிறது. போன வாரம் ஒரு அம்மா வந்து, "எங்க தாத்தா வச்சிருந்த டீக்கடை மாதிரி செட் போட்டு, பாப்பாவோட முதல் பிறந்தநாளுக்குப் படம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டார். ஆசையாக இருந்தது, ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் கார்பெண்டர் 45 ஆயிரம் கேட்கிறார். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இன்னொரு குடும்பம், பிறந்து பத்து நாளான குழந்தையைத் தூளியில் தொங்குவது போல எடுத்துத் தரச் சொல்கிறது. அதையும் செய்யலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஒப்புக்கொண்டது நல்ல முடிவு. நிலாவும் மேகமும் எந்தக் குழந்தைக்கும் பொருந்தும், அதனாலேயே எந்தக் குழந்தையின் படமாகவும் அது ஆவதில்லை. டீக்கடை கேட்டு வந்த அந்த அம்மா உங்களுக்கு ஒரு கதையையே கையில் கொடுத்திருக்கிறார்.

முதல் வேலை, கார்பெண்டரை நிறுத்தி வையுங்கள். அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். கடை எந்த ஊரில் இருந்தது, ஓலைக் கூரையா தகரமா, சுவர் என்ன நிறம், பாய்லர் இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கமா, கண்ணாடி பாட்டிலில் என்ன வைத்திருந்தார் — தேங்காய் பன்னா, முறுக்கா, பட்டர் பிஸ்கட்டா. சுவரில் எந்தச் சாமி படம், கல்லாவுக்குப் பின்னால் என்ன எழுதியிருந்தது, தாத்தா தோளில் துண்டு போடுவாரா தலையில் கட்டுவாரா. பழைய போட்டோ ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள், கல்யாண ஆல்பத்தில் எங்காவது ஓரத்தில் கடை தெரியலாம். இந்தப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகட்டும், பரவாயில்லை. உங்கள் செட் இதிலிருந்துதான் வரப்போகிறது. இணையத்தில் 'டீக்கடை செட்' என்று தேடிப் பார்த்து வரைந்தால் யாரோ ஒருவருடைய டீக்கடை வரும், தாத்தாவுடையது வராது.

அப்புறம் அந்த வீட்டில் கடையிலிருந்து மிஞ்சிய பொருள் ஏதாவது உண்டா என்று பாருங்கள். கல்லாப்பெட்டி, பித்தளை வடிகட்டி, ஒரு டபரா, பழைய ரேடியோ, எதுவாக இருந்தாலும் சரி. அது செட்டின் நடுவில், குழந்தைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் வாடகையாகவோ போலியாகவோ இருந்துவிட்டுப் போகட்டும். அந்த ஒன்று மட்டும் அசலாக இருந்தால், இருபது வருடம் கழித்து அந்தப் பெண் படத்தைப் பார்க்கும்போது அவளுக்கு அது வெறும் செட்டாக இருக்காது.

இனி 45 ஆயிரத்துக்கு வருவோம். கார்பெண்டர் உங்களுக்கு முழுக் கடைக்கு விலை சொல்லியிருக்கிறார், கூரையோடு. அவர் மேல் தப்பில்லை, கடை கேட்டால் கடைக்குத்தான் கணக்குப் போடுவார். ஆனால் உங்கள் கேமராவுக்கு முழுக் கடை தெரியாது. உங்களிடம் இருக்கும் லென்ஸுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: க்ராப் சென்சாரில் 50 எம்.எம். போட்டால், கேமராவிலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகிறோமோ அதில் கிட்டத்தட்ட பாதி அகலம்தான் பிரேமுக்குள் வரும். எட்டு அடியில் நாலு அடி அகலம், 13 அடியில் ஆறு அடி. (பெரிய சென்சார் உள்ள ஃபுல் பிரேம் கேமராவில் அதே லென்ஸ் என்றால் பாதிக்குப் பதில் முக்காலுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

உங்கள் 18 அடி நீளத்தை இப்படிப் பிரிக்கலாம். கடைசியில் இரண்டு அடி, செட்டைத் தாங்கும் முட்டுகளுக்கு. அங்கே பின்சுவர். அதற்கு ஐந்து அடி முன்னால் குழந்தை. குழந்தையிலிருந்து எட்டு அடியில் கேமரா. மிச்சம் மூன்று அடி நீங்கள் உட்கார. அப்படியென்றால் பின்சுவரில் தெரியப்போவது ஆறு அடி அகலம்தான். குழந்தை அங்கே இங்கே தவழும், அதற்காக எட்டு அடி வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட் ஷீட் இரண்டு, நெட்டுக்குத்தாக, பக்கத்தில் பக்கத்தில். அவ்வளவுதான் உங்கள் டீக்கடை!

உயரமும் குறையும். உட்கார்ந்திருக்கும் ஒரு வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றேகால் அடியில் இருக்கும், கேமராவும் அந்த உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அந்த உயரத்தில் படுக்கைவாட்டில் எடுத்தால் பின்சுவரில் நாலு அடிக்கு மேல் எதுவும் தெரியாது. கூரையே வராது! அதனால் கடையின் மேடையை மூன்று அடிக்குப் பதில் இரண்டு அடியில் போடுங்கள். பாட்டில் வைக்கும் பலகையை மேடைக்குச் சற்று மேலேயே அடியுங்கள். வாழைத்தாரை அதன் கீழ்ப்பாதி மட்டும் மேல் மூலையில் எட்டிப் பார்க்கும்படி தாழ்வாகத் தொங்கவிடுங்கள். எல்லாம் குழந்தையின் அளவுக்கு இறங்கி வந்தால்தான் குழந்தை கடைக்காரர் போலத் தெரியும். நிஜ அளவில் கட்டினால் பாவம், கடைக்குள் தொலைந்துபோன பிள்ளை போல இருக்கும். அம்மா அப்பாவோடு குடும்பப் படம் வேண்டுமென்றால், அவர்களையும் கீழே பெஞ்சிலோ பாயிலோ உட்காரவைத்து நெட்டுவாட்டில் எடுங்கள், பின்சுவரில் ஆறு அடி வரை இடம் கிடைக்கும்.

சட்டத்துக்கு 2 அங்குலத்துக்கு 1 அங்குல ரீப்பர் கட்டை, மேலே மெல்லிய ப்ளைவுட். பின்னால் முக்கோணமாக முட்டுக் கொடுத்து அடியில் மணல் மூட்டை. இந்த மணல் மூட்டையை மறக்கவே கூடாது, எழுந்து நிற்கப் பழகும் குழந்தை எதைப் பிடித்து இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் கீல் போட்டால் மடித்துச் சுவரோரம் சாத்திவிடலாம், அடுத்த மாதம் அதன் மேலேயே வேறு நிறம் அடித்து வேறு செட். கார்பெண்டரிடம் "கடை வேண்டாம், இந்த அளவில் இரண்டு பலகை மட்டும்" என்று சொல்லிப் பாருங்கள், விலை வேறாக வரும்.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். எனாமல் வேண்டாம், பளபளக்கும், லைட் போட்டதும் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு விழும். டிஸ்டெம்பர் போதும், மங்கலாகக் காயும். ஃபிளெக்ஸில் பிரிண்ட் போட்டுத் தொங்கவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதற்கும் இதே பளபளப்பு, போதாததற்குச் சுருக்கம் வேறு. முதலில் ஒரே நிறம், பழைய கடைகளில் அடித்த அந்த வெளிர்நீலமோ பச்சையோ அந்த அம்மா சொன்ன எதுவோ. அது காய்ந்ததும் அதே நிறத்தைக் கொஞ்சம் கருப்பாக்கி, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். எங்கே அழுக்குப் படியும் என்று யோசித்து ஒற்றுங்கள்: அடுப்புக்கு மேலே புகைக் கருப்பு, மேடை ஓரத்தில் கை பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, சுவரின் அடியில் தண்ணீர் தெறித்த கறை. சுவர் முழுக்க ஒரே மாதிரி அழுக்காக்கினால் உடனே பொய் தெரிந்துவிடும். காலண்டர், விலைப்பட்டியல், மேடைத்துணி எல்லாவற்றையும் பழசாக்க டீ டிகாக்ஷனே போதும், நனைத்துக் காயவைத்தால் மஞ்சள் ஏறிவிடும். 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதுவதற்கு கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம், ஊரில் சுவர் விளம்பரம் எழுதும் ஒருவர் இன்னும் இருப்பார், அவரிடம் ஒரு பலகையைக் கொடுங்கள்.

சுவரும் தரையும் சேரும் இடம் ஒன்று இருக்கிறது. நிறைய ஸ்டுடியோ செட்டுகள் அங்கேதான் கெட்டுப்போகின்றன. மேலே எல்லாம் அழகாக இருக்கும், கீழே உங்கள் டைல்ஸ் தரை பளிச்சென்று கடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பழைய தார்ப்பாய்க்குச் சிமெண்ட் நிறம் அடித்து விரித்து, அது சுவரைத் தொடும் கோட்டில் ஒரு சாக்குமூட்டை, ஒரு குடம், காலி கிரேட் என்று எதையாவது வைத்து மறையுங்கள்.

பொருளெல்லாம் வாங்காதீர்கள். பாய்லரும் அண்டாவும் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய பித்தளை வாங்கி விற்கும் கடையில் ஒரு நாளைக்கு முன்பணம் கட்டி எடுக்கலாம். கொஞ்சம் பயணம் செய்ய முடிந்தால் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அடுத்த பத்து செட்டுக்கு யோசனை கிடைக்கும். கனமாகத் தெரிய வேண்டிய ஆனால் கனமாக இருக்கக் கூடாத பொருளுக்கு, மதுரை விளாச்சேரி போன்ற இடங்களில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் கேளுங்கள். காகிதக்கூழில் செய்து கொடுக்கிறவர் கிடைத்தால் வடையும் பஜ்ஜியும்கூடச் செய்து வாங்கலாம். முன்வரிசைப் பொருளுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். லென்ஸின் துவாரத்தை அகலமாகத் திறந்து எஃப் 2.8 அல்லது 4இல் எடுக்கும்போது ஐந்து அடி பின்னால் இருப்பது மென்மையாக மங்கிவிடும், அங்கே அட்டைப்பெட்டிக்குக் காகிதம் ஒட்டி வைத்தாலும் தெரியாது.

வெளிச்சம். டீக்கடைக்கு வெளிச்சம் தெருப்பக்கத்திலிருந்து வரும், உள்ளே போகப் போக இருட்டும், இல்லையா? அதனால் உங்கள் பெரிய லைட்டை ஒரே பக்கத்தில், சற்று முன்னால் வையுங்கள். ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் அதுவே போதும். எதிர்ப்பக்கம் கருப்புத் துணி தொங்கவிடுங்கள், உங்கள் அறையின் வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பி அடித்து எல்லாவற்றையும் சப்பென்று ஆக்கிவிடும். குழந்தை சுவரிலிருந்து ஐந்து அடி தள்ளி இருப்பதால் நிழலும் பின்சுவரில் விழாது. மேடைக்கு மேலே மஞ்சள் நிற எல்.இ.டி. பல்பு ஒன்று எரியட்டும். பிளாஷ் போடுகிறவர் என்றால் ஷட்டரைக் கொஞ்சம் மெதுவாக்கினால்தான் பல்பின் மஞ்சள் படத்தில் ஏறும். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள், அந்த மஞ்சளை அது துடைத்துவிடும்.

ஆவி வேண்டும் என்று கட்டாயம் கேட்பார்கள். பாய்லரில் சொட்டு வெந்நீர்கூட இருக்கக் கூடாது, அடுப்பும் கிடையாது. குழந்தை போன பிறகு, கேமரா முக்காலியிலிருந்து அசையாமல் இருக்க, ஆவியைத் தனியாக எடுத்து அப்புறம் கம்ப்யூட்டரில் சேருங்கள். பாய்லரைப் பின்னாலிருந்து கம்பியால் சட்டத்தோடு கட்டுங்கள். கை எட்டும் தூரத்தில் கண்ணாடி கிளாஸ் வேண்டாம், பிளாஸ்டிக் ஜாடி போதும். காசு, தெர்மகோல் உருண்டை, ஊசி, பட்டாணி எதுவும் வேண்டாம், ஒரு வயதில் எல்லாமே வாய்க்குள்தான் போகும். பெயின்ட் அடித்த பிறகு ஜன்னலைத் திறந்து வைத்து, வாசனை முழுக்கப் போன பிறகே குழந்தையை உள்ளே வரச் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பலகையும் சட்டமும் உங்கள் ஸ்டுடியோவின் சொத்து, அதை இந்த ஒரு குடும்பத்தின் தலையில் கட்டாதீர்கள். வாடகைப் பாத்திரம், எழுத்துப் பலகை, அவர்கள் கேட்டதற்காக மட்டும் செய்த பொருள் இவற்றைத் தனியாக எழுதிக் காட்டி, பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தேதி மாறினால் என்ன செய்வது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

இனி அந்தத் தூளி. பத்து நாள் குழந்தையைத் தொங்கவிட்டு எடுக்கவே கூடாது, ஒரு அங்குல உயரத்தில்கூட. நீங்கள் இணையத்தில் பார்க்கிற அந்தப் படங்களில் முறையாக எடுத்தவை எல்லாம் ஒட்டு வேலை: குழந்தை கீழே மெத்தையில் துணிக்குள் தூங்கும், அம்மாவின் கை துணியைப் பிடித்திருக்கும், காலித் தூளியும் மரக்கிளையும் வேறொரு படமாக அதே வெளிச்சத்தில் எடுக்கப்பட்டு, கடைசியில் கை அழிக்கப்படும். கன்னத்தைக் கையில் தாங்கிக் குழந்தை உட்கார்ந்திருப்பது போன்ற படமும் அப்படித்தான், ஒருவர் தலையைப் பிடித்த படம், இன்னொருவர் கையைப் பிடித்த படம் என்று இரண்டைச் சேர்த்தது. இதைப் பெற்றோருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறை குழந்தைக்குக் குளிராமல் இருக்கட்டும், பால் குடித்துத் தூங்கிய பிறகு எடுங்கள், அம்மாவின் கை எப்போதும் குழந்தை மேல் இருக்கட்டும். "வேற ஸ்டுடியோவில் நிஜமாவே தொங்கவிட்டு எடுத்தாங்களே" என்று வற்புறுத்தினால், அந்த ஆர்டரை எடுக்காதீர்கள்.