பாதி டம்ளர் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 38. மென்பொருள் வேலை, தினமும் பத்து மணி நேரம் நாற்காலியில்தான். இரண்டு வருடங்களுக்கு முன் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் தவறாமல் நடக்கிறேன். வெறும் வயிற்றில் 130-ஐத் தாண்டுவதில்லை. ஆனாலும் ஹெச்பிஏ1சி 7.4-லிருந்து 8.1-க்கு ஏறிவிட்டது. நின்றுகொண்டே வேலை செய்கிற மேசை வாங்கினால் பலன் இருக்குமா? அடிகளை எண்ணும் கடிகாரம் உதவுமா? எல்லாவற்றுக்கும் இந்த வேலைதான் காரணம், விட்டுவிடு என்கிறார் அம்மா. மீட்டிங் இழுத்து மதியச் சாப்பாடு தள்ளிப்போகிற நாட்களில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. டிராயரில் பிஸ்கட் வைத்திருக்கிறேன், யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொள்வேன். பதில் எழுதினால் தயவுசெய்து பெயரைப் போட வேண்டாம். ஆபீசில் யாருக்கும் தெரியாது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன மாதம் வருடாந்திரக் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். எனக்கும் 11 வருடமாகச் சர்க்கரை உண்டு. கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் சில மணி நேரத்துக்கு எழுத்து என்று எதுவும் தெரியாது, எல்லாம் வெளிச்சக் கூழ். படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததில், நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆபீசில் இருந்த ஒரு சீனியர் நினைவுக்கு வந்தார். வீடு வந்து இரண்டாம் நாள் உங்கள் கடிதம். அவரைப் பற்றி எழுதாமல் உங்களுக்குப் பதில் எழுத முடியாது. அதற்கு முன் உங்கள் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஹெச்பிஏ1சி என்பது ஒருநாள் கூத்து அல்ல. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்த்து இரண்டு மூன்று மாதத்துக் கதையைச் சொல்கிற சோதனை அது. 8.1 என்றால் சராசரி சுமார் 186 என்று அர்த்தம். வெறும் வயிற்றில் 130, சராசரி 186 என்றால் நடுவில் எங்கோ ஒரு மலை இருக்கிறது. நீங்கள் சோதிப்பது அதிகாலையில், மலையோ மதியத்துக்கு மேலே. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குத்திப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 180-க்குள் இருக்கச் சொல்வார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நல்ல மார்க் வந்த பாடத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

காலை நடை வீண் என்று சொல்லவில்லை. அது இருக்கட்டும். ஆனால் காலையில் நடந்துவிட்டோம், இனிப் பத்து மணி நேரம் அசையாமல் இருக்க லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று உடம்பு நினைப்பதில்லை, நாம்தான் நினைக்கிறோம். தசை சுருங்கி விரியும்போது ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதற்கு இன்சுலினின் சிபாரிசுகூட வேண்டாம். நம்மைப் போல இன்சுலின் சொல்லைக் கேட்காத உடம்புக்கு இதைவிடப் பெரிய சலுகை ஏது? அதுவும் மதியம் சாப்பிட்டு முடித்துச் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், உடம்பிலேயே பெரிய தசைகளான தொடையையும் பின்புறத்தையும் மடக்கி நாற்காலியில் வைத்துவிடுகிறோம். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016-ல் சொன்னது இதைத்தான்: அரை மணிக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிடமாவது அசையுங்கள். பழைய ஆட்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், நம் சர்க்கரையும் அடங்கிய பிரமேகம் என்ற நோய்க்குக் காரணம் சொல்லும் பட்டியல் 'ஆஸ்யாசுகம்' என்ற சொல்லில்தான் ஆரம்பிக்கிறது. உட்கார்ந்திருப்பதன் சுகம். தூக்கத்தின் சுகம்கூட அதற்கு அடுத்துத்தான்.

சுகம் என்கிறார்கள். நமக்கு அது சுகம்கூட இல்லை, சம்பளம்.

சரி, அந்த சீனியர். கணக்குப் பிரிவில் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் சீவிய பென்சில். அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுவார். தண்ணீர்ப் பானை அறையின் இன்னொரு கோடியில் இருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு அங்கே போவார், சரியாகப் பாதி மட்டும் பிடித்துக்கொண்டு வருவார். முழுதாகப் பிடித்தால் அடுத்த தடவை போகக் காரணம் இருக்காதே! தண்ணீர் குடிக்காத நேரங்களில் கையில் ஒரு ஃபைலோடு வராந்தாவில் போய்வருவார். எப்போதும் ஒரே ஃபைல், பச்சை நாடா கட்டியது. நாங்கள் இளவட்டங்கள் அவருக்குப் 'பாதி டம்ளர்' என்று பெயர் வைத்திருந்தோம். வேலை செய்ய வணங்காதவர் என்பது எங்கள் தீர்ப்பு. ஒருநாள் நானே கேட்டேன், "அந்த ஃபைல்ல என்னதான் சார் இருக்கு?" சிரித்தார். "கையில ஃபைல் இருந்தா எங்க போறேன்னு எவனும் கேக்கமாட்டான் தம்பி. வெறுங்கையோட நடந்தாத்தான் கேப்பான்."

அதற்குள் வெறும் வெள்ளைத்தாள்கள் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வருடக் கணக்கு முடிக்கும் சமயம். அவர் மதியம் சாப்பிடப் போகவில்லை. மூன்றரை மணி இருக்கும், அடுத்த மேசையில் நான். வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தவர் "மூணு... மூணு... மூணு..." என்று ஒரே இடத்தில் சுற்ற ஆரம்பித்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. மேலதிகாரி வந்து ஏதோ கேட்க, அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர் பேப்பரைத் தூக்கி எறிந்தார். நாக்கு குழறியது. எனக்குப் பின்னால் ஒருவர், "மத்தியானமே போட்டுட்டாரா?" என்று கிசுகிசுத்தார். மறைப்பானேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் ஃபேனைத் திருப்பினார்.

அப்போதுதான் டீ கொண்டுவருகிறவர் உள்ளே வந்தார். பார்த்த மாத்திரத்தில் தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார். அதே பாதி டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டி, விரலாலேயே கலக்கி, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்தார். "முழுங்குங்க சார், முழுங்குங்க." விழுங்கும் நிலையில் இருந்தார், நல்ல வேளை. கால் மணி நேரத்தில் கண்ணில் ஆள் திரும்பி வந்தது. முதல் வேலையாகக் கூட்டல் எங்கே நின்றது என்று பென்சிலைத் தேடினார்.

நாலு வருடமாகச் சர்க்கரையில்லாத டீ கேட்பதற்காக டீக்காரரிடம் மட்டும் சீனியர் தன் சர்க்கரை நோயைச் சொல்லியிருக்கிறார். இருபது பேர் இருந்த அறையில் அவர் உயிர் ஒரு டீயில் தொங்கிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. டீக்காரரின் அம்மாவுக்கும் அப்படி வருமாம்.

இதற்குப் பிறகு அந்த மனிதர் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நடந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாளும் ஃபைலோடுதான் நடந்தார். என்ன செய்தாலும் உட்கார்ந்திருப்பவன்தான் வேலை செய்கிறான் என்று நம்புகிற இடம் அது. இன்று நாற்காலி மாறியிருக்கிறது, திரை வந்திருக்கிறது, அந்த நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. மீட்டிங் நடுவில் எழுந்து நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதே மீட்டிங்கில் உட்கார்ந்து தூங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். கோபமாகத்தான் வருகிறேன். மூன்று கேள்வியை நம்பர் போடாத குறையாகக் கேட்டுவிட்டு, முக்கியமானதைக் கடைசியில் ஒரு வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், டிராயரில் பிஸ்கட்டை ஒளித்தது போலவே. கை நடுக்கமும் வியர்வையும் பசி இல்லை. சர்க்கரை இறங்குகிறது. மெட்ஃபார்மின் தனியாக இதைப் பெரும்பாலும் செய்யாது, கிளிமிபிரைடு செய்யும். நீங்கள் சாப்பிட்டீர்களா, மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. அதற்கு பிஸ்கட் சரியான மருந்தல்ல. அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வெறும் குளுக்கோஸோ சர்க்கரையோ 15 கிராம், 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதனை, ஏறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். அப்புறம் ஒழுங்கான சாப்பாடு. அந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள். மயங்கிவிட்ட ஆளின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். இதையெல்லாம் மயங்குகிற நீங்கள் தெரிந்துவைத்து என்ன பிரயோஜனம்? பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிய வேண்டும்.

ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொல்லவில்லை. நோயைச் சொன்னால் பதவி உயர்வில் கைவைக்கிற இடங்களும் உண்டு, நான் அறியாததல்ல. ஒரே ஒருவர். பக்கத்து இருக்கை, அல்லது கூடச் சாப்பிடுகிறவர். "எனக்குச் சர்க்கரை இருக்கு, நான் உளற ஆரம்பிச்சா இந்த டிராயரைத் திறந்து இதைக் கொடு" என்று காட்டிவையுங்கள். சொல்ல அரை நிமிடம் ஆகாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத எனக்கு ஒரு முழுக் கடிதம் எழுதுகிறீர்கள்! கூச்சப்பட இதில் என்ன தப்புச் செய்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. உங்களைத் திட்டுகிறேன், ஆனால் அந்த நடுங்குகிற கையால் யாருக்கும் தெரியாமல் டிராயரை இழுப்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. உங்கள் டாக்டரிடம் இந்த நடுக்கத்தைச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். மாத்திரையையோ அளவையோ மாற்றுவது அவர் வேலை, நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், வேலையை விட்டால் வீட்டு நாற்காலி இருக்கிறது என்று. கடிகாரம் உங்கள் இஷ்டம்.

மேசையைக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். நிற்பதில் கொஞ்சம் பலன் உண்டு, நடப்பதில் அதைவிட அதிகம். காசு இருந்தால் வாங்குங்கள், ஆனால் அதன் முன்னாலும் மரம் மாதிரி நிற்கத்தான் போகிறீர்கள். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் கட்டடத்தைச் சுற்றி நடங்கள், கையில் ஃபைல் இல்லாமல். இரண்டு வாரம் நடந்த நாளையும் நடக்காத நாளையும் சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்ணோடு எழுதிவைத்து எனக்கு அனுப்புங்கள். யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பெயர் வேண்டாம், சொன்னேன் என்று எழுதினால் போதும்.