பழைய ஆலைப் பகுதியில் பசுமை அலுவலகம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆலைகளும் கிடங்குகளும் நிறைந்த பழைய தொழிற்பகுதிகளில் அலுவலகம் அமைப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். பழைய கட்டடங்களை மீட்டெடுப்பதுதான் என் வேலை, அதனால் நேராகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இடித்துவிட்டு, மின்சாரம் குறைவாகச் செலவாகும் புதுக் கட்டடம் கட்டினால் அதுதானே சுற்றுச்சூழலுக்கு நல்லது?

பெரும்பாலும் இல்லை. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. புதுக் கட்டடத்துக்கான சிமென்டையும் இரும்பையும் தயாரிக்கும்போது வரும் புகை, கட்டடம் திறக்கும் முன்பே காற்றில் கலந்துவிடும், ஆனால் மின்சாரத்தில் மிச்சம் பிடிப்பதோ கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடங்களில்தான் சேரும். ஒரு கட்டடத்தின் எடையில் பெரும்பங்கு அஸ்திவாரம், தூண், சுவர், தளம் ஆகியவற்றில் இருக்கிறது. அவற்றைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

கேள்வி: செங்கல் சுவரின் உட்புறம் வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டி, வெளியே சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். செய்யலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விட்டு உலரும், அது அப்படித்தான் நூறு வருடம் நின்றிருக்கிறது. அதன் மேல் சிமென்டைப் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிர ஆரம்பிக்கும். குளிர்நாடாக இருந்தால் இன்னும் மோசம், உட்புறத் தடுப்பால் சுவரே குளிர்ந்துபோய் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து செங்கல்லைப் பிளக்கும். உட்புறம் தடுப்பு வேண்டுமென்றால் மரநார்ப் பலகை மாதிரி ஈரம் கடத்தும் பொருளை, கணக்குப் போட்டு, மெல்லியதாக வையுங்கள். அதற்கும் முன்னால் கூரை, ஜன்னல் இடுக்குகள், ஒழுகும் மழைநீர்க் குழாய் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். செலவும் குறைவு, பலனும் சீக்கிரம் தெரியும்.

கேள்வி: ரம்பப்பல் கூரையை (ரம்பத்தின் பற்கள் மாதிரி, ஒரு பக்கம் கண்ணாடியும் மறுபக்கம் சரிவுமாக வரிசையாக ஏறி இறங்கும் ஆலைக் கூரை) எடுத்துவிட்டுத் தட்டையாக்கலாமா? சூரியத் தகடு வைக்க வசதியாக இருக்குமே.

எடுக்காதீர்கள்! அந்தக் கூரையை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். பூமியின் வடபாதியில் அதன் கண்ணாடி பெரும்பாலும் வடக்கு பார்த்திருக்கும். கண்கூசும் நேர்வெயில் இல்லாமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வரும். கணினியில் வேலை செய்பவருக்கு வேறென்ன வேண்டும்? மறுபக்கச் சரிவு தெற்கு பார்க்கிறது, தகடுகளை அங்கே பொருத்துங்கள்.

கேள்வி: மேலே இரண்டு மாடி ஏற்ற முடியுமா?

சில சமயம் முடியும். கனமான இயந்திரங்களுக்காகப் போட்ட தளம், மேசை நாற்காலிக்குத் தேவையானதைவிட அதிகம் தாங்கலாம். ஆனால் வார்ப்பிரும்புத் தூண் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுவிசையில் பலவீனமானது, முன்னறிவிப்பு இல்லாமல் முறியும். ஆகவே சோதனை கட்டாயம். அப்புறம், புது மாடியை ஒட்டடுக்கு மரப்பலகையில் (மரப்பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய கனமான பலகை) கட்டினால், அதே கன அளவு கான்கிரீட்டின் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான்.

கேள்வி: எங்களுடையது காலி மனை. அக்கம்பக்கம் எல்லாம் பழைய ஆலை. புதுக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும்?

பழையது மாதிரி வேஷம் போட வேண்டாம். உயரம், தெருக்கோடு (தெருவை ஒட்டிச் சுவர்கள் நிற்கும் வரிசை), ஜன்னல்களின் தாளம் (அவை அமைந்திருக்கும் இடைவெளி), இவை பக்கத்துக் கட்டடங்களோடு பேசினால் போதும். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் இருக்கும் ட்சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம். 1986-ல் மூடினார்கள், 2001-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. அங்கே 2006-ல் சானா என்ற ஜப்பானியக் கட்டடக்கலை நிறுவனம் ஒரு கல்விக் கட்டடம் கட்டியது. சுரங்கம் மூடிய பிறகும் அடியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது; அந்தச் சூட்டைச் சுவருக்குள் பதித்த குழாய்களில் ஓடவிட்டார்கள். அதனால் தனி வெப்பத்தடுப்பு இல்லாமலே, சுமார் 30 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவரே போதுமாயிற்று. உங்கள் பகுதியிலும் பழைய தொழில் எதையாவது விட்டுப்போயிருக்கும்: கால்வாய், கிணறு, பக்கத்து ஆலையின் கழிவுச்சூடு. முதலில் அதைத் தேடுங்கள்.

கேள்வி: மண் பரிசோதனை அவசியமா?

அவசியம், அதுவும் மனை வாங்கும் முன்பே. ஈயம், ஆர்செனிக், தார், எண்ணெய் எல்லாம் மண்ணில் இறங்கியிருக்கலாம். பழைய கட்டடம் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸையும் தேடச் சொல்லுங்கள். அறிக்கை கையில் வரும்வரை யாரும் எதையும் தோண்டவோ உடைக்கவோ வேண்டாம்.